ஈறு முளைத்த பிஸ்டல்

முதலில் பல் செட் கட்டுகிற அம்மா என்றுதான் சொன்னார்கள். நாலு வாரத்தில் அது தேய்ந்து பல்லம்மா ஆகிவிட்டது. இப்போது சுடுதளத்தில் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார். "கடைவாய்னு பேர் வைக்காம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வயது நாற்பத்தொன்பது. பேனா, நோட்டு விற்கிற கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவர் பட்டறை. ஜன்னலோரம் மேஜை, அதில் தேய்க்கிற மைக்ரோ மோட்டார், சின்ன காஸ் அடுப்பு, மெழுகுக் கத்தி. சுவரோரம் ஓர் அலமாரி நிறைய பிளாஸ்டர் வாய்கள். புதிதாகப் படியேறி வருகிறவன் அந்த அலமாரியைப் பார்த்தால் தன் வாயை ஒரு நிமிடம் பொத்திக்கொள்வான். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; இவர் அதைப் பார்த்து செட் கட்டி அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. திங்கள் முதல் சனி வரை நகக்கண்ணில் வெள்ளை மாவு இருந்துகொண்டே இருக்கும். ஞாயிறு ஒரு நாள்தான் அவர் கை அவர் கையாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வாட்டசாட்டமான ஆள். குரல் ஆளைவிட வாட்டசாட்டம். பல்லம்மாவின் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமான மறு ஞாயிறே, வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"வீட்ல உட்கார்ந்து என்ன செய்யப்போறீங்க சம்பந்தி? வாங்க, சுட்டுட்டு வரலாம்."

"எதை?" என்றார் பல்லம்மா.

"அட்டையைத்தான். வேற யாரைச் சுடறது? கல்யாணம் முடியட்டும்."

போனார். காதுமூடி மாட்டி, கண்ணாடி போட்டு, யாரோ கொடுத்த பிஸ்டலால் பத்து மீட்டரில் இருந்த அட்டையில் ஐந்து சுட்டார். ஐந்தும் ஒரு பல் செட் அளவுக்குள் விழுந்தன. ஆறு நாள் மற்றவர்கள் வாய்க்குள்ளேயே கிடந்த மனசு, வெளியே வந்து சோம்பல் முறித்த மாதிரி இருந்தது. அன்றைக்கே சேர்ந்துவிட்டார்.

இது ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்து நின்று சுடுகிற ஆட்டம் இல்லை. டைமர் 'பீப்' என்று கத்தும். உடனே இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுக்க வேண்டும். தடுப்புக்குத் தடுப்பு ஓடி, அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். வாங்கிய புள்ளியை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். வேகமாக ஓடித் தவறவிட்டாலும் போச்சு. ஒழுங்காகச் சுட்டு ஆமையாக நடந்தாலும் போச்சு.

பிஸ்டலைப் பொறுத்து மூன்று பிரிவு வைத்திருந்தார்கள். முதலாவது ஃபேக்டரி. கம்பெனியில் எப்படிச் செய்து அனுப்பினார்களோ அப்படியே இருக்க வேண்டும். முனையில் நிற்கும் குறிமுள்ளைப் பின்னால் உள்ள பள்ளத்தில் பொருத்திப் பார்த்துச் சுட வேண்டும். இரண்டாவது டாட். அதே பிஸ்டல்தான், மேலே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்றாவது ஓப்பன். அங்கே எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். முழங்கை நீளத்துக்குக் குண்டு அடைக்கிற மேகஸின், முனையில் துள்ளலை அடக்கும் ஓட்டைக் குழாய், சிவப்புப் புள்ளி, எல்லாம். சம்பந்தியம்மா ஓப்பன். அவருடைய பிஸ்டல் கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடித்த கார் மாதிரி இருக்கும்.

பல்லம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கப் போனபோதுதான் வம்பு ஆரம்பித்தது. கடைக்கு சம்பந்தியம்மாவும் கூட வந்தார். கடைக்காரர் நாலைந்தை எடுத்து வைத்தார். சம்பந்தியம்மா அதில் முழு இரும்பில் செய்த ஒன்றை எடுத்து, எடை பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்த்தார்.

"இதை எடுங்க. கனமா இருந்தாத்தான் துள்ளாது. வண்டி மாதிரி. கனமான வண்டிதான் ரோட்டைப் பிடிக்கும்."

பல்லம்மா கையில் வாங்கினார். அவர் கை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கை. அந்தப் பிடியோ வளர்ந்த ஆண்பிள்ளைக்குச் செய்தது. ஆள்காட்டி விரலின் நுனிதான் விசையில் பட்டது. அதுவும் கையைக் கொஞ்சம் திருகினால்தான்.

"விரல் எட்டலையே சம்பந்தி."

"பழகிடும். கிளட்ச் எட்டலைன்னு எங்கிட்ட அழுதவங்கெல்லாம் இன்னைக்கு லாரி ஓட்டுறாங்க."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. சம்பந்தி ஆசையாகச் சொன்ன சாமானை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பல்லம்மா தலையை ஆட்டிவிட்டார். வாய்க்குப் பொருந்தாத செட்டை ஒரு நாளும் பட்டறையை விட்டு வெளியே அனுப்பாத மனுஷி, கைக்குப் பொருந்தாத பிஸ்டலை மரியாதைக்காக வாங்கிக்கொண்டு வந்தார்.

மரியாதைக்கு வாங்கிய பிஸ்டல் மரியாதையாகவா சுடும்? கையைத் திருகிப் பிடிப்பதால் ஒவ்வொரு தடவையும் குண்டு இடது பக்கம் போனது. இரண்டாவது குண்டுக்குள் பிடி நழுவி, மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ஃபேக்டரி பிரிவில் இருபது பேர். இரண்டு மாதத்துக்கு ஒரு போட்டி. முதல் போட்டியில் பல்லம்மா இருபதாவது. நடுவில் மகள் கல்யாணம் நடந்து முடிந்தது. இரண்டாவது போட்டியிலும் இருபதாவது.

கடைசியாக வருவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, யாராவது வரத்தானே வேண்டும். ஆனால் கிளப்பில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பிரிவாக இருந்தாலும், தொடர்ந்து மூன்று போட்டியில் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குள் விழுகிறவர், ஞாயிறு குழுவை விட்டு ஆரம்பப் பயிற்சிக் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு நடப்பது புதன்கிழமை பகலில். புதன்கிழமைதான் டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அச்சு அனுப்புகிற நாள். பட்டறையை மூடினால் ஊரில் நாலு பேர் பல்லில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே, மூன்றாவது தடவையும் விழுந்தால் பல்லம்மாவுக்குச் சுடுதளமே இல்லை. வாரம் ஏழு நாளும் மாவுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னார். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். கடைசி வாயை மென்று முழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"லாரி டயரைக் கொண்டுவந்து காருக்கு மாட்டச் சொன்னா நான் மாட்டுவேனா?"

"மாட்ட மாட்டீங்க."

"சம்பந்தி சொன்னா?"

மறுநாளே பல்லம்மா கிளப்பில் இருக்கிற குழாய் வேலைக்காரருக்கு அந்த இரும்புப் பிஸ்டலைக் கைமாற்றிவிட்டார். அவர் கை மண்வெட்டி மாதிரி. பிடித்துப் பார்த்து, "எனக்குன்னே செஞ்சிருக்காங்க பல்லம்மா" என்று சந்தோஷமாக வாங்கிப் போனார். எழுத்து வேலை, கையெழுத்து எல்லாம் முறைப்படி முடிந்தது.

இந்தத் தடவை கடைக்குத் தனியாகப் போனார். போகும்போது பட்டறைக் கண்ணாடியைப் பையில் எடுத்துக்கொண்டார். அது படிக்கிற கண்ணாடி இல்லை, தூரக் கண்ணாடியும் இல்லை. கையை நீட்டி ஒரு செட்டைத் திருப்பிப் பார்க்கிற தூரத்துக்காகவே செய்து வாங்கியது.

கடைக்காரர் அவர் வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு டாட் வைத்ததை நீட்டினார். "ஐம்பதை நெருங்கிட்டா குறிமுள் மங்கிடும்மா. எல்லாரும் புள்ளிக்குத்தான் மாறுறாங்க."

பல்லம்மா பட்டறைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சும்மா ஒரு பிஸ்டலைச் சுவரைப் பார்த்து நீட்டினார். குறிமுள் பளிச்சென்று, கடைவாய்ப் பல்லின் முனை மாதிரித் தெரிந்தது. அதற்கு அப்பால் சுவரில் இருந்த அட்டை கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அதைப் பற்றி என்ன? இருபத்திரண்டு வருஷமாக அவர் கண் கை நீட்டுகிற தூரத்தில்தான் குடியிருக்கிறது.

"எனக்குப் புள்ளி வேண்டாம். முள்ளே போதும்" என்றார்.

அப்புறம் பிடி. ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். கண் திறந்திருந்தால் அழகைப் பார்த்து ஏமாந்துபோவோம் என்பது அவர் பயம். ஆறாவது பிஸ்டல், கறுப்பு, அடக்கமானது. பிடியின் முதுகில் கழற்றி மாட்டுகிற துண்டு மூன்று அளவில் கொடுத்தார்கள். மிகச் சின்னதை மாட்டியதும் விரலின் நடு மெத்தை விசையில் வந்து உட்கார்ந்தது. பல்லம்மா கண்ணைத் திறந்தார்.

"இதுதான்."

"நிறம் வேற இருக்கு..."

"பல்லுல நிறம் பார்ப்பேன். இதுல வேண்டாம்."

வாங்கி வந்ததும் ஒழுங்கு பண்ண ஆரம்பித்தார். ஃபேக்டரி பிரிவில் குறிமுள்ளை மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாக ஒன்று போட்டார். குண்டு ஏற்ற மேலே உள்ள இரும்பைப் பின்னால் இழுக்கத் தெம்பு போதவில்லை என்று கொஞ்சம் இளகிய ஸ்பிரிங் போட்டார். பிடியைச் சுற்றி மணல்தாள் ஒட்டலாம், ஒட்டினார். இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறை நின்றது. சின்னத் துண்டு மாட்டியதால் உள்ளங்கையின் அடிப்பக்கம், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, ஒரு பொந்து விழுந்தது. சுடும்போது பிஸ்டல் அந்தப் பொந்துக்குள் ஓடியது. அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மேல்செட் கழன்று சாப்பாட்டில் விழும் என்று தெரிந்தவர் இதைச் சும்மா விடுவாரா?

கையை அச்சு எடுத்தார். வாய்க்கு எடுக்கிற அதே களிம்பைப் பிடியில் அப்பி, நன்றாகப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் நின்றார். அச்சைப் பார்த்து, செட்டுக்கு ஈறு செய்கிற அதே ரோஜா நிற அக்ரிலிக்கில் பிடிக்கு ஒரு மேலுறை வார்த்தார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய்க்கால். உள்ளங்கை ரேகைகூட அதில் இருந்தது. பிடித்தால் கை அதில் கரைந்துபோனது. அப்படி ஒரு பொருத்தம் இதற்கு முன் அவர் எந்த வாய்க்கும் செய்ததில்லை.

ஞாயிறு பயிற்சியில் டைமர் கத்தியது. இடுப்பு உறையிலிருந்து எடுத்தார். விரல்கள் வாய்க்காலுக்குள் போகாமல் வரப்பில் ஏறி நின்றன. இறக்கி வைத்துச் சரிசெய்வதற்குள் மூன்று நொடி போய்விட்டது. மறுபடி எடுத்தார். மறுபடி வரப்பு.

சம்பந்தியம்மா பின்னாலிருந்து கத்தினார். "என்ன சம்பந்தி, துப்பாக்கியை எடுக்கிறீங்களா, வீணை மீட்டுறீங்களா?"

பல்லம்மா வீட்டுக்கு வந்து யோசித்தார். செய்த தப்பு தொழிலால் வந்த தப்பு. பல் செட்டைக் காலையில் ஒரு தடவை மாட்டினால் சாயங்காலம்வரை அது அங்கேயே இருக்கும். மாட்டும்போது யாரும் டைமர் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. பிஸ்டலோ ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் புதிதாகப் பிடிக்கிற சாமான். அவசரத்தில் போகிற கைக்கு வழி காட்டினால் போதும். விரலுக்கு விரல் நாற்காலி போட்டு வைத்தால், எந்த நாற்காலியில் உட்காருவது என்று விரல் முழிக்கும்.

அந்த மேலுறையைத் தூக்கி எறிந்தார். கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பல்லுக்கு நடுவில் வைக்கிற நீலத்தாளை எடுத்தார். பிடியில் சுற்றி, இருபது தடவை வேகமாக எடுத்துப் பிடித்தார். கையில் எங்கெல்லாம் நீலம் ஒட்டியதோ அங்கெல்லாம் பிடி ஏற்கெனவே தொடுகிறது. ஒட்டாத ஒரே இடம் அந்தப் பொந்து. அதற்கு மட்டும் அதே ரோஜா அக்ரிலிக்கில் ஒரு சின்ன மேடு வார்த்தார். அவரைக்கொட்டை அளவு. பாதி செட்டுக்குப் போடுகிற மாதிரி இரண்டு கம்பிக் கொக்கி வைத்து, பிடியைக் கவ்விக்கொள்ளும்படி செய்தார். வேண்டுமென்றால் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். மைக்ரோ மோட்டாரில் தேய்த்து மெருகேற்றினார்.

அடுத்த மூன்று ஞாயிறும் குண்டுகள் அட்டையின் நடுக்கட்டத்தை விட்டு நகரவில்லை. சம்பந்தியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது பெரிய பாராட்டு.

மூன்றாவது போட்டி வந்தது. போட்டிக்கு முன் ஒவ்வொரு பிஸ்டலையும் ஒருவர் பரிசோதிப்பார். மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, ஒரு தராசு, விசையில் தொங்கவிட ஓர் எடைக்கல். பிஸ்டல் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், விசை விழாமல் கல்லைத் தாங்க வேண்டும். அந்த மனுஷனைப் பெட்டிக்காரர் என்பார்கள். பேச்சு குறைவு.

பல்லம்மாவின் பிஸ்டல் பெட்டிக்குள் அடங்கியது. கல்லைத் தாங்கியது. பெட்டிக்காரர் திருப்பித் தரப் போனவர், விரல் எதிலோ தட்டுப்பட்டு நின்றார். பிடியைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? துப்பாக்கிக்கு ஈறு முளைச்சிருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது மேடுங்க. உள்ளங்கைக்கு."

"ஃபேக்டரியில இதைச் சேர்க்கக் கூடாது. மணல்தாள் ஒட்டலாம், டேப் ஒட்டலாம். பிடியோட வடிவத்தை மாத்தறது எதுவும் கூடாது."

"வடிவத்தை மாத்தலைங்க. பாருங்க, கழட்டி மாட்டுறதுதான்." பல்லம்மா கொக்கியை நகத்தால் நெம்பி மேட்டைக் கழற்றிக் காட்டினார். அவர் தொழிலில், பிடுங்க முடியாதது ஒரு கணக்கு, கழற்றி மாட்டுவது வேறு கணக்கு. கழற்றி மாட்டுவதை யாரும் உடம்பில் சேர்த்துச் சொல்வதில்லை. சட்டத்தாளைப் படித்தபோதும் அந்தக் கணக்கில்தான் படித்திருந்தார்.

பெட்டிக்காரர் மேட்டையும் பார்த்தார், பிஸ்டலையும் பார்த்தார். "நல்ல வேலைதான். ஆனா இதை மாட்டிக்கிட்டுச் சுட்டா ஓப்பன். கழட்டி வச்சிட்டுச் சுட்டா ஃபேக்டரி. ரெண்டுல எதுன்னு இப்பவே சொல்லுங்க. நடுவுல மாத்த முடியாது."

குழாய் வேலைக்காரர், "ஓப்பனா? ராக்கெட் பந்தயத்துல சைக்கிள் ஓட்டப்போறாங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அட்டை ஒட்டுகிற உதவிக்காக வந்திருந்த மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கழட்டி வச்சிட்டு சுடும்மா. ஓப்பன்ல அத்தை இருக்காங்க."

"இருந்தா என்ன?"

"நீ தோத்தா நாளைக்கு முழுக்க அவங்க அதையே பேசுவாங்க. நீ ஜெயிச்சா ஒண்ணுமே பேச மாட்டாங்க. எனக்கு ரெண்டும் கஷ்டம்."

பல்லம்மா உள்ளங்கையில் கிடந்த ரோஜா மேட்டைப் பார்த்தார். ஓப்பனில் இன்று ஒன்பது பேர். இவரையும் சேர்த்தால்தான் ஒன்பது. ஆறாவது இடத்துக்குக் கீழே போனால் புதன்கிழமைக் குழு. மற்ற எட்டுப் பேரிடமும் ராக்கெட். ஃபேக்டரியில் இருபது பேர். மேடில்லாமல் அங்கே எங்கே நிற்போம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை நின்று பார்த்த இடம்தான்.

"வாய்க்குப் பொருந்தலைன்னா தேய்ப்பேன்" என்றார். "பொருந்தினதைக் கழட்டி வச்சிட்டு எதுக்குச் சாப்பிட உட்காரணும்?"

மேட்டை மறுபடி மாட்டினார். 'டிக்' என்று கொக்கி கவ்வியது. "ஓப்பன்னு எழுதுங்க."

சம்பந்தியம்மா வரிசையின் முன்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க. ஆனா சம்பந்தின்னு பார்த்து விட்டுக்குடுக்க மாட்டேன்."

"யாரு கேட்டா?"

"அப்புறம் பொண்ணு குடுத்த வீடுன்னு மனசுல வச்சிக்கக் கூடாது."

"நீங்களும் பொண்ணு எடுத்த வீடுன்னு வச்சிக்கக் கூடாது."

மகள் அட்டை ஒட்டும் பசையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

போட்டியில் மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்தில் பல்லம்மாவுக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் ஒரே மேகஸினில் கட்டத்தையே முடித்தார்கள். இவர் பத்து குண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஓட்டமும் அவர்களைப் போல் வராது. ஆனால் எடுத்த எடுப்பில் கை போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. ஓப்பன்காரர்கள் மழை மாதிரிச் சுட்டு அங்கொன்றும் இங்கொன்றும் தவறவிட்டபோது, இவர் பல்லுக்குப் பல் வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக நடுக்கட்டத்தில் வைத்துக்கொண்டே போனார். நாலு கட்டம் முடிந்தபோது ஐந்தாவது இடம். சம்பந்தியம்மா நாலாவது.

ஐந்தாவது கட்டத்தின் விவரத்தை வாசித்தார்கள். இடது கையால் மட்டும் ஆறு குண்டு.

மேடு வலது உள்ளங்கைக்கு வார்த்தது. இடது கையில் பிடித்தால் அது விரல் பக்கம் வரும். இடது கையைப் பல்லம்மா நினைத்தே பார்க்கவில்லை. அச்சு எடுத்தது ஒரு கைக்கு, சுட வேண்டியது இரண்டு கைக்கு. நடுவில் கழற்றவும் முடியாது, பெட்டிக்காரர் அங்கேதான் நிற்கிறார்.

இடது கையில் பிடித்தார். செருப்புக்குள் கல் மாதிரி விரலடியில் குத்தியது. அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும். முதல் குண்டு. மூச்சு. இரண்டாவது. பின்னால் யாரோ, "டைமர் பேட்டரி தீர்ந்துடும் போல இருக்கே" என்று சொன்னது காதுமூடியையும் தாண்டிக் கேட்டது. ஆறும் அட்டையில் விழுந்தன, மூன்றுதான் நடுக்கட்டத்தில். நேரம் எல்லோரையும்விட அதிகம். சம்பந்தியம்மாவுக்கும் அந்தக் கட்டம் ஆகவில்லை. அவருடைய ஜோடித்த காரை ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால் தூக்கிப் பிடித்ததில் முனை கீழே இறங்கி, இரண்டு குண்டு மண்ணுக்குப் போயின. "ஸ்டியரிங்கை விட்டுட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

கடைசிக் கட்டத்துக்கு முன்னால் பலகையில் வரிசை போட்டார்கள். பல்லம்மா ஏழாவது. ஆறாவது இடத்தில், செல்போன் டவர்களில் ஏறி வேலை பார்க்கிற டவர் வேலைக்காரர், கொஞ்சம்தான் முன்னால். சம்பந்தியம்மா ஐந்தாவது. இந்தக் கட்டத்தை டவர் வேலைக்காரரும் சம்பந்தியம்மாவும் முதலிலேயே சுட்டு முடித்துவிட்டார்கள். டவர் வேலைக்காரர் ரொம்ப வேகம். எட்டு இரும்புத் தட்டையும் மின்னலாக இறக்கினார். ஆனால் அட்டை ஒன்றைச் சுடாமலே ஓடிவிட்டார். அது நினைவுக்கு வந்தபோது அவர் கை காலி மேகஸினோடு நின்றது.

பல்லம்மாவின் முறை. சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஓடாதீங்க சம்பந்தி. ஓடினா நானே உங்களைப் பார்த்துச் சிரிப்பேன். நடங்க. ஆனா நிக்காம நடங்க."

டைமர் கத்தியது. கை உறைக்குப் போயிற்று, பிடி உள்ளங்கைக்கு வந்தது. குறிமுள் கண் முன்னால் வெள்ளையாக நின்றது. முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. நடந்தார். நடந்துகொண்டே மேகஸின் மாற்றினார். நாலாவது, ஐந்தாவது. ஒரு தட்டு விழாமல் ஆடியது. இன்னொன்று வைத்தார், விழுந்தது. மூலையில் தடுப்புக்குப் பின்னால், டவர் வேலைக்காரர் விட்டுவிட்டுப் போன அந்த அட்டை. அதில் இரண்டு. இரண்டும் நடுவில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. கடைசித் தட்டு விழுந்த சத்தம் மணி அடித்த மாதிரி இருந்தது.

பிஸ்டலைக் காலி செய்து காட்டி, உறையில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பெட்டிக்காரர் பலகையில் பேரை எழுதிக்கொண்டே வந்தார். மேலிருந்து கீழே எழுதுகிற பழக்கம் அவருக்கு. முதல் நாலு பேரும் எதிர்பார்த்தவர்கள். ஐந்தாவது, சம்பந்தியம்மா. பேனாவை உதறினார். மை வரவில்லை. இன்னொரு பேனா தேடினார். பல்லம்மாவுக்கு அந்த மனுஷனின் வாயிலிருந்து பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ண வேண்டும்போல் இருந்தது.

ஆறாவது, பல்லம்மா.

மகள் ஓவென்று கத்திக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் பக்கத்தில் அத்தை நிற்பது ஞாபகம் வந்தது. சட்டென்று விட்டுவிட்டு அத்தையையும் கட்டிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா மருமகளின் தோளுக்கு மேலே பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரைப் பார்க்கவில்லை, பேருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

"ரெண்டு புள்ளி" என்றார் பெட்டிக்காரர்.

"ரெண்டா, இருபத்திரண்டா?"

"ரெண்டும்மா."

"இந்தச் சிவப்புப் புள்ளி இல்லாத, குழாய் இல்லாத, ஈறு வச்ச பிஸ்டலுக்கும் எனக்கும் ரெண்டு புள்ளியா?"

"இடது கைக்கும் ஒரு மேடு வச்சிருந்தா அதுவும் இருந்திருக்காது" என்றார் பல்லம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சுடுதளமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்போ வைக்காதீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு பல்லம்மா வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே ஷேர் ஆட்டோ பிடித்துச் சுடுதளத்துக்கு வந்தார். இடது கைக்கு யாரும் பார்க்காமல் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று எண்ணம். வாசலில் ஏற்கெனவே டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. உள்ளே சம்பந்தியம்மா மட்டும் தனியாக, இடது கையில் பிஸ்டலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனை இறங்காமல் நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

காலடிச் சத்தம் கேட்டும் அவர் தலையைத் திருப்பவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றார். "பக்கத்து லேன் காலியாத்தான் இருக்கு."